நமக்கேன் வம்பு?



"டி.என்.ஏ. சோதனை வந்தாச்சு, இனிமேல் எந்தக் கொலைகாரனும் தப்ப முடியாது" என்கிறோம். அந்தச் சோதனை முதன்முதலாக ஒரு கொலை வழக்குக்குள் நுழைந்த கதையைக் கேளுங்கள். அப்புறம் முடிவு செய்யுங்கள்.

இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தை ஒட்டி நார்பரோ என்றொரு கிராமம். 1983 நவம்பரில் அங்கே 15 வயதுப் பெண்ணொருத்தி சீரழித்துக் கொல்லப்பட்டாள். துப்புத் துலங்கவில்லை. 1986 ஜூலையில், பக்கத்து ஊரான எண்டர்பியில் இன்னொருத்தி. அதே வயது, அதே கொடூரம்.

போலீஸ் 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தது. இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். இரண்டையும் இவன் தலையில் கட்டிவிடலாம் என்றுதான் அலெக் ஜெஃப்ரீஸிடம் போனார்கள். யார் அவர்? 1984 செப்டம்பர் 10, திங்கட்கிழமை காலை 9.05 மணி. இருட்டறையில் கழுவி எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமில் வரிவரியாக டி.என்.ஏ. கோடுகளைப் பார்த்து, 'இது ஆளுக்கு ஆள் மாறும்' என்று கண்டுகொண்ட லெஸ்டர் பல்கலைக்கழக விஞ்ஞானி.

அவர் சொன்ன முடிவு என்ன தெரியுமா? இரண்டு கொலையும் ஒரே ஆள் செய்தது. ஆனால் அந்த ஆள் இந்தப் பையன் இல்லை! டி.என்.ஏ. கொலை வழக்கில் செய்த முதல் காரியம், ஒரு நிரபராதியை வீட்டுக்கு அனுப்பியதுதான்.

பிறகு சுற்றுவட்டார ஆண்கள் 5,000 பேருக்குமேல் ரத்தமோ எச்சிலோ கொடுத்தார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. ஏன்? காலின் பிட்ச்ஃபோர்க் என்ற பேக்கரித் தொழிலாளி, தன் பாஸ்போர்ட்டில் கூட வேலை செய்தவன் படத்தை ஒட்டி, அவனையே தன் பெயரில் ரத்தம் கொடுக்க அனுப்பிவிட்டான். அவ்வளவு பெரிய அறிவியலை ஏமாற்ற ஒரு சொட்டுப் பசை போதுமாயிருந்தது, நண்பர்களே!

1987 ஆகஸ்டில் ஒரு மதுக்கடையில் அந்தக் கூட்டாளி வாய்தவறி உளறினான். உடனிருந்த ஒரு பெண் அதைக் கேட்டார். சில வாரங்கள் மனசுக்குள் போட்டுப் புழுங்கினார். பிறகு போலீசிடம் போய்ச் சொல்லிவிட்டார். செப்டம்பரில் பிட்ச்ஃபோர்க் கைதானான். இந்த முறை ரத்தம் பொருந்தியது. 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை.

அந்தப் பெண் 'நமக்கேன் வம்பு' என்று இருந்திருந்தால்? ஜெஃப்ரீஸின் ஃபிலிம் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். கொலைகாரன் காலையில் எழுந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்திருப்பான்.

நாளைக்கு உங்கள் காதிலும் அப்படி ஒரு சொல் விழலாம். விழுந்தால், தயவுசெய்து வாயைத் திறங்கள்.