தூசியைத் தின்னலாமா?
(தாராவி மாலை வகுப்பில் ஒரு பெயிண்டர் பேசியது)



மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பழைய வீடுகளுக்குப் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே என் வயது போனது. அந்தத் தூசியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

தொழிலுக்கு வந்த புதிதில் மேஸ்திரி சொன்னார்: "தூசி தின்னாமல் பெயிண்டர் ஆக முடியாது. வெல்லம் சாப்பிடு, எல்லாம் இறங்கிவிடும்." நானும் நம்பினேன். வெல்லம் வயிற்றுக்குப் போகிறது. தூசி நுரையீரலுக்குப் போகிறது. வழியே வேறு!

பெரிய தூசி மூக்கிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் உள்ளே இறங்கும். சிமெண்ட் பூச்சின் மணலில் சிலிகா இருக்கிறது. அந்தப் பொடி பல வருடம் சேர்ந்தால் நுரையீரல் தழும்பேறி இறுகும். மூச்சு வாங்கும். இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். இதைக் குணமாக்க மருந்து இல்லை. டி.பி.யும் எளிதில் பிடிக்கும்.

இன்னொரு ஆபத்து ஈயம். முன்பு பல பெயிண்டுகளில் ஈயம் அதிகம் இருந்தது. பத்து லட்சம் பங்கு பெயிண்டில் ஈயம் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடப்புக்கு வந்தது. பழைய கதவு, ஜன்னலைத் தேய்த்தால் அந்த ஈயம் பறக்கும். நம் சட்டையில் ஒட்டிக்கொண்டு கோலிக்கு வரும். பிள்ளை ஓடிவந்து மடியில் ஏறும். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். என் மகளை அப்படி எத்தனை நாள் தூக்கினேனோ!

என்ன செய்யலாம்?

பழைய பெயிண்டை நனைத்துத் தேயுங்கள். இதற்கு வாட்டர் பேப்பர் கிடைக்கிறது. கையால் மட்டும் தேயுங்கள். கரண்டு மிஷினோடு தண்ணீர் சேரக்கூடாது. மிஷின் என்றால் தூசி உறிஞ்சும் குழாய் இருக்கட்டும்.

ஜன்னலைத் திறங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வீட்டுக்காரர் பொருள்களைத் தார்ப்பாயால் மூடுங்கள். பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் அங்கே விடாதீர்கள்.

கைக்குட்டை பொடித்தூசியைத் தடுக்காது. என்-95 முகமூடியை இடைவெளி இல்லாமல் போடுங்கள்.

காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள்.

டீ, பீடிக்கு முன் கை கழுவுங்கள். சட்டையை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். அழுக்குச் சட்டையைத் தனியாகத் துவையுங்கள்.

இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சயான் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"முகமூடிக்குக் காசு யார் தருவார்?" என்று ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி. தனியாகக் கேட்டால், "நாளைக்கு வராதே" என்பார் கான்ட்ராக்டர். நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். பட்டி, பெயிண்ட், உப்புத்தாள் என்று சாமான் சீட்டு எழுதும்போது, முகமூடியையும் ஒரு வரி சேருங்கள். அந்தச் சீட்டை இதுவரை மற்றவர்கள் எழுதினார்கள். இனி நீங்களே எழுதலாம். இப்போதுதான் எழுதத் தெரியுமே!