தானியக்கத்திலிருந்து ஆக்க நுண்ணறிவுக்கு
(விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மென்பொருள் துறையில் பணிபுரியும் பிள்ளைகளைக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே பலவாகும். ஆதலால், "இயந்திரமே நிரல் எழுதத் தொடங்கிவிட்டால் நம் பிள்ளைகளின் நிலை என்ன?" என்பது எங்கோ தொலைவில் எழும் கேள்வியன்று, நம் இல்லங்களில் உணவு வேளையிலேயே எழும் கேள்வி. அச்சமூட்டாமலும், பொய்யான ஆறுதல் கூறாமலும் அதற்கு விடை காண, ஒருவரின் பணிப்பாதையை எடுத்துக்காட்டாகக் கொள்ள விழைகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தானியக்கம், அதாவது ஆட்டோமேஷன் என்பது, மனிதர் வகுத்த விதியை இயந்திரம் வழுவாது திரும்பத் திரும்பச் செய்வதாகும். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஜேசன் ஹக்கின்ஸ் உருவாக்கிய செலினியம் என்னும் கருவி இதற்குச் சான்று. இணையப் பக்கத்தில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் என்ன தோன்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அது நள்ளிரவிலும் சோதித்துச் சரியா தவறா என்று கூறிவிடும். சரியான விடை எது என்பது அங்கே முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

ஜெனரேட்டிவ் ஏ.ஐ. எனப்படும் ஆக்க நுண்ணறிவோ வேறு இயல்பினது. ஏராளமான எழுத்துகளையும் நிரல்களையும் கற்று, அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணித்துக் கணித்தே அது தன் விடையை அமைக்கிறது. 2017-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்னும் அமைப்பே இன்றைய மொழிக் கருவிகளின் அடித்தளம். ஒரே கேள்விக்கு இருமுறை இரு வேறு விடைகள் வரக்கூடும். தவறான விடையையும் அது தயக்கமின்றி நயமாகவே கூறும்.

இவ்விரண்டு உலகங்களையும் இணைக்கும் பாதை, ஜெர்மானியரான தாமஸ் டோம்கே என்பவருடையது. அவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கார்கள் மோதிக்கொள்வதைத் தடுக்கும் கட்டுப்பாட்டு மென்பொருளை, சோதனையை முதலில் வைத்து உருவாக்குவது எப்படி என்பதே அவருடைய ஆய்வுப்பொருள். பின்னர், ஹாக்கிஆப் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார். கைபேசிச் செயலி எங்கே முறிந்து நின்றது என்னும் விவரத்தைத் தானாகவே திரட்டி, அதனை எழுதியவருக்கு அறிவிப்பது அந்நிறுவனத்தின் பணிகளுள் ஒன்று. 2014-இல் மைக்ரோசாஃப்ட் அதனை வாங்கியது. 2018-இல் கிட்ஹப் நிறுவனமும் மைக்ரோசாஃப்ட் வசமாயிற்று. டோம்கே அங்கே பொறுப்பேற்று, 2021 நவம்பரில் அதன் தலைமைச் செயல் அலுவலராக உயர்ந்தார். அவ்வாண்டு ஜூனில் முன்னோட்டமாக வந்திருந்த கோபைலட் என்னும் நிரலெழுதும் துணைக்கருவி, அவர் தலைமையில் 2022 ஜூனில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மீண்டும் புதிய முயற்சி தொடங்க விரும்பி, பதவியிலிருந்து விலகுவதாக 2025 ஆகஸ்டில் அவர் அறிவித்தார்.

இப்பாதையில் கருவிகள் மாறின; நிறுவனங்கள் மாறின. மாறாமல் பயன்படக்கூடியது ஒன்று உண்டு. சோதனையை முதலில் வைக்கும் முறையில், நிரலை எழுதுமுன்னரே, "எது நிகழ்ந்தால் இது சரி?" என்பதை வரையறுத்து எழுதிவிட வேண்டும். நிரலை எழுதுபவர் மனிதராயினும் இயந்திரமாயினும் இக்கேள்வி மாறுவதில்லை. இயந்திரம் நொடியில் நூறு வரிகளைத் தரும் காலத்தில், அவ்வரிகளுள் எவற்றை ஏற்கலாம், எவற்றைத் தள்ளலாம் என்று பகுத்தறிபவருக்கே மதிப்பு மிகும். ஆகவே, தானியக்கச் சோதனையில் பல்லாண்டு உழைத்தோர் தம் அனுபவம் வீணாயிற்று என்று வருந்த வேண்டியதில்லை. அவர்கள் பயின்ற ஐயமும் நிதானமுமே புதிய துறையின் தேவைகளாகும்.

தலைமை என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. பாட்டியை இழந்த பயணி ஒருவர், ஏர் கனடா நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்த உரையாடு மென்பொருளிடம் துக்கப் பயணத்திற்கான கட்டணச் சலுகை பற்றி வினவினார். பயணம் முடிந்த பின்னரும் விண்ணப்பிக்கலாம் என்று அது கூறிற்று. நிறுவனத்தின் விதியோ அதற்கு மாறானது. வழக்கு எழுந்தபோது, அம்மென்பொருளின் கூற்றுக்குத் தான் பொறுப்பாகாது என்று நிறுவனம் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயம் அவ்வாதத்தை ஏற்காமல், பயணிக்கு இழப்பீடு வழங்க ஆணையிட்டது. தொகை சிறிது, பாடம் பெரிது. இயந்திரத்தின் சொல்லுக்கு அதனை நிறுத்தியவரே பொறுப்பு. அப்பொறுப்பை முன்வந்து ஏற்பவரே இத்துறையில் தலைவராவார்.

இளைஞர்களே! எளிய, திரும்பத் திரும்பச் செய்யும் பணிகளையே இயந்திரம் முதலில் எடுத்துக்கொள்கிறது. தொடக்க நிலையில் இருப்போருக்கு அது கடினமே என்பதை மறைப்பதற்கில்லை. அதனாலேயே அடிப்படையை ஆழமாகக் கற்க வேண்டும். இயந்திரம் தந்த நிரலை வரிவரியாகப் படித்து, ஏன் அவ்வாறு அமைந்தது என்று விளக்க முடியாதவிடத்து அதனை ஒப்படைக்காதீர்கள். வங்கியோ, மருத்துவமனையோ, வேளாண்மையோ, ஏதேனும் ஒரு துறையின் நடைமுறையையும் உடன் கற்றுக்கொள்ளுங்கள். எது சரி என்பதை அத்துறையறிவே உங்களுக்கு உணர்த்தும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வீடு திரும்பும்போது ஊதிய உயர்வை மட்டும் வினவாமல், "இவ்வாண்டு புதிதாக என்ன கற்றாய்?" என்றும் அன்போடு வினவுங்கள். கற்பதற்காக ஓராண்டு குறைந்த ஊதியத்தில் பணிபுரிய அவர்கள் முடிவெடுத்தால், அதனைத் தோல்வியெனக் கருதாது துணை நில்லுங்கள். பிற இல்லத்துப் பிள்ளையோடு ஒப்பிடாத வீட்டில்தான் துணிந்து கற்கும் மனம் வளரும்.