பழைய கணக்கும் புதிய யந்திரமும்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் விழிஞ்ஞம் என்னும் தொன்மையான துறை இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் இத்துறையை வென்ற செய்தியை எட்டாம் நூற்றாண்டின் சீவரமங்கலச் செப்பேடு பெருமையுடன் கூறுகிறது. 2025ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெருந்துறைமுகத்தில் இன்று மாபெரும் சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அதன் அருகிலேயே பழைய மீன்பிடி துறையும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அண்டை ஊர்களின் வள்ளங்களும் இங்கே கரை சேர்கின்றன.

மீன் கரைக்கு வந்தவுடன் கணக்கும் தொடங்கிவிடுகிறது. 1947இல் தோன்றி, 1971இல் தலைமையகத்தை இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாற்றிக்கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு விழிஞ்ஞத்திலும் ஒரு கிளை உண்டு. அந்நிலையத்தார் தேர்ந்தெடுத்த நாட்களில் இறங்குதுறைகளுக்குச் சென்று, சாளை எவ்வளவு, அயிலை எவ்வளவு, சூரை எவ்வளவு என்று குறித்துக்கொண்டு, அம்மாதிரியைக் கொண்டு மொத்த அளவை மதிப்பிடுகின்றனர். இத்தகைய கணக்கின் பயன் ஓராண்டில் விளங்காது. பல்லாண்டுக் கணக்கை அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் கடல் வளருகிறதா, வறளுகிறதா என்பது தெரியும்.

இத்தகைய துறையொன்றில் ஒரு மீனவர் சங்கம் 1990 முதல் கணினியில் கணக்கு வைத்து வந்தது என்று கொள்வோம். முதலில் டிபேஸ், பிறகு ஃபாக்ஸ்புரோ, அதன் பிறகு 1992இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ், அதிலும் 97, 2003, 2007 என்று பதிப்புக்குப் பின் பதிப்பு. ஒருவர் எந்த ஆண்டில் உறுப்பினரானார் என்னும் ஒரே வரி, அவர் மறைந்த பின் குடும்பம் உதவித்தொகை பெறுவதற்கு ஆதாரமாக அமையலாம். அந்த வரி திறக்க இயலாத கோப்பில் கிடக்குமானால், இருந்தும் இல்லாததே. ஆகவே, பல பதிப்புக் கோப்புகளை ஒரே நிரலைக் கொண்டு படிப்பது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

முதலாவதாக, மென்பொருளின் பதிப்பு வேறு, கோப்பின் பதிப்பு வேறு. 2003ஆம் ஆண்டு ஆக்சஸ், 2000ஆம் ஆண்டு வடிவத்திலும் கோப்பை எழுதும். எனவே நிரல், யந்திரத்தில் எந்த மென்பொருள் இருக்கிறது என்று கேட்பதோடு அமையாது, கோப்பு எந்த வடிவத்தில் உள்ளது என்றும் தனியே கேட்கவேண்டும்.

இரண்டாவதாக, அந்த விடையை எழுத்தாகக் கொள்ளாமல் எண்ணாகக் கொள்ளவேண்டும். ஆக்சஸ் 2000 தன்னை 9.0 என்றும், ஆக்சஸ் 2003 தன்னை 11.0 என்றும் சொல்லிக்கொள்ளும். இவற்றை எழுத்து வரிசையில் ஒப்பிட்டால், 1 என்பதைவிட 9 பிந்தியது ஆகையால், பழையது புதியதாகிவிடும்! மேலும், 12.0 என்பதற்குப் பின் 13ஐ விட்டு 14.0 வருகிறது. 2016க்குப் பிந்திய பதிப்புகள் அனைத்தும் 16.0 என்றே விடையளிக்கின்றன.

மூன்றாவதாக, நிரல் ஒரு பதிப்பின் நூலகத்தோடு இறுகப் பிணைந்திருத்தல் ஆகாது. புதிய பதிப்புள்ள யந்திரத்தில் எழுதிய நிரலைப் பழைய பதிப்புள்ள யந்திரத்துக்குக் கொண்டு சென்றால், நூலகத்தைக் காணவில்லை என்று அது நின்றுவிடும். ஓடும் வேளையில், பதிப்பெண் சேர்க்காமல் பெயரை மட்டும் சொல்லி மென்பொருளை அழைத்தால், அங்கே உள்ள பதிப்பு எதுவாயினும் வந்து நிற்கும். வேகம் சற்றுக் குறையலாம். எழுதும்போது கிடைக்கும் உதவியும் குறையும். ஆயினும் பல அலுவலகங்களில் ஓடவேண்டிய நிரலுக்கு இதுவே உகந்தது.

நான்காவதாக, கோப்பைப் படிக்கும் உட்பொறியை அறிதல் வேண்டும். 2003 வரை ஆக்சஸுக்கு ஜெட் என்னும் பொறி. 2007 முதல் ஏஸ் என்னும் பொறி. ஜெட் 32 பிட் நிரல்களுக்கே பணிசெய்யும். 64 பிட் நிரல் அதனை அழைக்க இயலாது. ஆக்சஸ் 2013 முதலாக வந்த பதிப்புகள் 97ஆம் ஆண்டு வடிவத்தைத் திறக்க மறுக்கின்றன. அதைத் திறந்து மாற்றித் தரவல்ல கடைசிப் பதிப்பு 2010. அதற்கான ஆதரவும் 2020 அக்டோபரில் முடிந்துவிட்டது. பழைய கோப்பு உடையவர்கள் காலந்தாழ்த்தலாகாது என்பதற்கு இதனினும் காரணம் வேண்டுவதில்லை.

ஐந்தாவது செய்தி தமிழர்க்கே உரியது. ஆக்சஸ் 97 ஒருங்குறியை அறியாது. அதனை ஏற்றது 2000ஆம் ஆண்டுப் பதிப்பே. அதற்கு முன் தமிழ்ப் பெயர்கள், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவத்தை அமைத்த எழுத்துருக்களால் எழுதப்பட்டன. 1999இல் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்னும் இரு குறியீடுகளை ஏற்றது. 2010இல் ஒருங்குறியை ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வோர் எழுத்துருவைக் கையாண்டது. கோப்பை மட்டும் மாற்றினால் செல்வம் என்னும் பெயர் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். பழைய எழுத்துருவில் ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன் நிற்கும். ஒருங்குறியில் பின் நிற்கும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் மாற்றவேண்டும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைக் குறித்து வைக்காவிடில் இப்பணி பன்மடங்கு கடினமாகும்.

இவ்வாறு மாற்றும்போது மூலக் கோப்பைத் தொடலாகாது. அதன் படியை மட்டுமே மாற்றவேண்டும். மாற்றிய பின் வரிகளின் எண்ணிக்கையையும், மாதந்தோறும் வந்த மீனின் எடைத் தொகையையும் இரு கோப்புகளிலும் கூட்டிச் சரிபார்க்கவேண்டும். இறுதியாக, எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய எளிய உரை வடிவிலும் ஒரு படி எடுத்து வைப்பது நன்று.

எழுத்து மாறுவது நமக்குப் புதிதன்று. சோழர் ஆட்சிக்குப் பின் பாண்டி நாட்டில் வட்டெழுத்து படிப்படியாக மறைந்து தமிழெழுத்து நிலைத்தது. சேர நாட்டிலோ அது பல நூற்றாண்டுகள் நீடித்தது. அதைப் படிக்க அறிந்தோர் அருகியபோது கல்வெட்டுகள் வாயடைத்து நின்றன. கல் அழியாது நின்றமையால், பின்வந்த அறிஞர்கள் அதனை மீண்டும் கற்றுப் படித்தார்கள். கணினிக் கோப்புக்குக் கல்லின் ஆயுள் இல்லை.

பம்பாயிலும் தில்லியிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்களே! நீங்கள் கூடும் சங்கத்தின் பழைய அலமாரியிலும் ஒரு கணினியோ, குறுந்தகடோ உறங்கிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு முன் அவ்வூருக்கு வந்து குடியேறியவர்களின் பெயர்களும், அவர்கள் செலுத்திய சந்தாவும், நடத்திய விழாக்களின் கணக்கும் அதில் இருக்கக்கூடும். அதைத் திறக்கவல்ல மென்பொருளும், அந்த எழுத்துருவை நினைவில் வைத்திருப்பவர்களும் இருக்கும்போதே, இவ்வாரமே அதை எடுத்துப் படி செய்யுங்கள்.