நாடாவுக்கு ஒரு நாள் ஓய்வு

(சங்கரன்கோவில் விசைத்தறித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆடித் தபசு வந்துவிட்டால் சங்கரன்கோவில் தெருக்களில் கால் வைக்க இடமிராது. தெற்குச் சீமையே திரண்டு வரும். வந்தவர்கள் தேரோடும் வீதிகளைச் சுற்றுவர், பிள்ளைக்கு ஊதலும் பெண்ணுக்கு வளையலும் வாங்குவர், ஊர் திரும்புவர். திருநாள் கழிந்த மறுநாள் உள்தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். தறி ஓசை காதைத் துளைக்கும். ஊரார் உலகத்தார் வந்து போவதற்கு இது ஓர் ஊர். இவ்வூர் நெசவாளி போய் வருவதற்கு எந்த ஊர்?

இந்தக் கேள்வியோடுதான் அன்று என் பேச்சைத் தொடங்கினேன். ஆண்டுக்கு ஒருமுறை சங்கத்தார் அனைவரும் குடும்பத்தோடு சுற்றுலா செல்வது என்னும் யோசனையை முடிவு செய்யக் கூடிய கூட்டம் அது. மேடையில் சொன்னதைச் சற்று விரித்து உங்களுக்கும் சொல்லுகிறேன்.

"கூலி உயர்வுக்குக் கொடி பிடிக்க வேண்டிய சங்கம், குற்றாலத்துக்கு வண்டி பிடிக்கலாமா?" என்று கேட்டார் ஒரு பெரியவர். மோனையோடு கேட்டார், நாடகம் எழுதிப் பிழைக்கும் எனக்கே பொறாமையாயிருந்தது! கேள்வியில் நியாயமும் இருந்தது. நெய்த சேலைக்குத்தான் கூலி. நாடா நின்றால் கூலி நிற்கும். கூலி நின்றால் உலை நிற்கும். வாங்கிய முன்பணமோ கழுத்தில் கல்லாய்த் தொங்கும். அவனைப் பார்த்து 'அருவியில் குளிக்க வா' என்றால் கேலியாகத்தானே தோன்றும்?

ஆனால் தோழர்களே, அந்தப் பெரியவர் அக்கேள்வியை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து உட்கார்ந்து கேட்டார். நீங்களும் ஞாயிற்றுக்கிழமையில்தான் இதைப் படிக்கிறீர்கள். அந்த ஞாயிற்றைத் தந்தவர் யார்?

வெள்ளைக்கார ஆலை முதலாளி தங்கத்தட்டில் வைத்து நீட்டினானா? இல்லை. பம்பாயில் லோகண்டே என்னும் தலைவரின் இடையறாத முயற்சியால் 1890 ஜூன் 10 அன்று ஆலைத் தொழிலாளர்க்கு ஞாயிறு விடுமுறை கிடைத்தது. நம் தென்கோடியிலோ, 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். கூலியை உயர்த்து என்றனர். அதே மூச்சில், வாரத்துக்கு ஒருநாள் ஓய்வு கொடு என்றும் கேட்டனர். பசித்த வயிறு ஓய்வைக் கேட்காது என்பவர் இதைச் சிந்திக்க வேண்டும். பசித்தவர்தாம் கேட்டனர்! கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறையாயிற்று. அதே மார்ச் 12 அன்று சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கை நாடறியும். வாரத்தில் ஒரு நாளுக்கு இவ்வளவு விலை!

கடல் கடந்தும் இதே கதைதான். 1936-இல் பிரெஞ்சு நாட்டுத் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே அமர்ந்து வேலைநிறுத்தம் செய்து, ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கினர். லியோ லாகிராஞ்சு என்னும் அமைச்சர் அவர்களுக்கு ரயில் கட்டணத்தில் நூற்றுக்கு 40 குறைத்தார். அந்த ஒரே கோடையில் 5 லட்சத்துக்கு மேற்பட்டோர் அச்சீட்டில் பயணம் போயினர். அவர்களுள் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டவர் எத்தனையோ பேர்.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆண்டில் 240 நாள் உழைத்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்துடன் விடுப்பு என்று வகுத்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்பு 240-ஐ 180 ஆகக் குறைத்தது. நல்லது! ஆனால் 10 பேர்கூட இல்லாத தறிக்கூடத்தின் வாசலில் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே நிற்கிறதே! அங்கே விடுப்பைச் சட்டப் புத்தகம் தராது. சங்கம் பேசி வாங்கும் ஒப்பந்தம்தான் தரவேண்டும். ஆகவே சுற்றுலா நாளுக்கு விடுமுறைச் சம்பளம் என்பது, கூலிப் பேச்சில் கூலிக்கு அடுத்த வரியாக எழுதப்படவேண்டிய கோரிக்கை. 'போய் வாருங்கள்' என்ற அனுமதி மட்டும் போதாது. சம்பளமில்லாத விடுமுறைக்குப் பட்டினி என்றே பெயர்.

வண்டிச் செலவுக்கு என்ன வழி? தறி உரிமையாளர் ஒருவர் தாமே பேருந்து பிடித்துத் தருவதாகச் சொல்லியனுப்பினாராம். மனமிருந்து சொல்லியிருக்கலாம், குறை கூறேன். வேண்டாம் என்றுதான் சொன்னேன். நாளைக் கூலிப் பேச்சில் அந்தப் பேருந்து மேசைமேல் வந்து நிற்கும். வாரம் 20 ரூபாய் போடுங்கள். 50 வாரத்தில் ஆளுக்கு 1,000. ஐம்பது பேர் சேர்ந்தால் 50,000. வாரந்தோறும் வரவை எழுதிச் சங்கச் சுவரில் ஒட்டுங்கள். நோயால் நான்கு வாரம் போட இயலாதவன் பெயரை அடிக்காதீர்கள்; அவன் இடத்தைச் சங்க நிதி தாங்கட்டும். இருப்பவன் மட்டும் ஏறும் வண்டிக்குச் சங்கக் கொடி எதற்கு?

இன்னொன்று. தார் சுற்றும் பெண்களை யார் நினைத்தீர்கள்? தறியில் நிற்பவன் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. தார் சுற்றுபவள் பெயர் பல இடங்களில் அதிலும் இல்லை. அவள் சுற்றித் தராவிட்டால் உங்கள் நாடா வெறுங்கட்டை! அவளும் உறுப்பினள், அவளுக்கும் இருக்கை, அவளுக்கும் அன்றைய கூலி. சுற்றுலா நாளிலும் அவளே கோழி கூவுமுன் எழுந்து ஐம்பது பேருக்குப் புளியோதரை கிளற வேண்டுமென்றால், அடுப்பைத் தூக்கி வேறு ஊரில் வைத்த கதைதான். அன்று கரண்டியை ஆண்கள் பிடிக்கட்டும். உப்புக் கூடினால் நாங்கள் பொறுத்துக்கொள்வோம் என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரமாயிற்று.

எங்கே போவது? குற்றாலம் பக்கத்திலேதான் இருக்கிறது. சாரல் காலத்தில் எவனும் சொல்லாமலே போவான். நான் சொன்ன வழி கிழக்கே. முதலில் கழுகுமலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து பாண்டியர் காலத்தில் செதுக்கிய வெட்டுவான் கோயில், முடிவு பெறாமலே நிற்கிறது. உளி பிடித்தவன் பெயர் எவருக்கும் தெரியாது; வேலைப்பாடோ கண்ணைப் பறிக்கும். நெசவாளி கண்டால் நெசவாளிக்குப் புரியும். கோவில்பட்டியில் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய். எட்டயபுரத்தில் பாரதி வீடு. ஒட்டப்பிடாரத்தில் சிதம்பரனார் பிறந்த மனை. மாலையில் தூத்துக்குடிக் கடற்கரை.

கூட்டம் முடியும் வேளையில் ஓர் அம்மையார் எழுந்தார். முப்பது ஆண்டாகத் தார் சுற்றுகிறவர். "கடல் எம்புட்டுத் தூரம் அய்யா?" என்றார். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் என்றேன். "நான் பார்த்ததில்லை" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டார். வண்டி வேண்டாமென்ற பெரியவர்தாம் எழுந்துபோய்ப் பதிவேட்டை அவரிடம் கொடுத்தார்.

புறப்படும் நாளை இன்னும் குறிக்கவில்லை. கூலிப் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. விடுமுறைச் சம்பளத்துக்கு விடை வந்தபின் குறிப்பார்கள்.