புது வண்டியில் ஒயில் கசிந்தால்...

(மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களுக்கும் அவர்களது பெற்றோருக்குமாகத் தோட்டத்துச் சமூக மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற தேயிலைத் தொழிற்சாலைப் பிட்டர் ஒருவர் ஆற்றிய உரை.)



நான் மேடையில் பேசிப் பழகினவன் இல்லை. முப்பது வருஷம் தொழிற்சாலையில் ரோலருக்குப் பக்கத்தில் நின்றவன். "உங்க வீட்டில் நடந்ததையே சொல்லுங்க, அது போதும்" என்று நலன்புரி உத்தியோகத்தர் கேட்டுக்கொண்டார். அதையே சொல்கிறேன்.

2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல் திரும்பத் திறந்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கும் ஒரு புது மோட்டார் சைக்கிள் வந்தது. என் சம்சாரம் மலையில் கொழுந்து எடுத்துச் சேர்த்த சேமலாப நிதிக் காசில்தான் முற்பணம் கட்டினோம். மிச்சம் லீசிங். மகன் டவுன் கடைக்கு வேலைக்குப் போவது அதில்தான். பேத்தியை ஸ்கூலில் விடுவதும் அதில்தான். அந்த வண்டி நின்றால் வீடே நின்ற மாதிரி.

முதல் சேர்விஸ் செய்துகொண்டு வந்த மூன்றாம் நாள், லயத்து வாசல் சீமெந்தில் ஒரு ரூபாக் குற்றி அளவு கறுப்புப் பொட்டு. மறுநாள் இன்னொன்று. மகன் என்ன செய்தான்? பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். "அப்பா, ஒயில் பில்டர் மூடி லூஸ் போல, இறுக்கிவிட்டால் சரியாகிடும்" என்றான்.

"வைடா கீழே" என்றேன்.

தம்பிமாரே, ஸ்பேனரை ஏன் வைக்கச் சொன்னேன் என்பதைத்தான் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒயில் பில்டர் என்பது என்ன? நம்ம வீட்டில் தேத்தண்ணி வடிக்கிற வடி மாதிரி. இஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசும்போது வருகிற பொடியை அது பிடித்து வைக்கும். சில சின்ன வண்டிகளில் வெறும் கம்பி வலைதான் இருக்கும். எங்கள் வண்டியில் இருப்பது கடதாசிப் பில்டர். இஞ்சினின் பக்கத்தில் ஒரு வட்ட மூடி, அதைப் பிடிக்க மூன்று போல்ட். மூடிக்கும் இஞ்சினுக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம். ஒயிலை அடைத்து வைப்பது போல்ட் இல்லை, அந்த வளையம்தான். போல்ட் மூடியைப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். தண்ணிப் பைப்பில் வொஷர் போனால், எவ்வளவு முறுக்கினாலும் சொட்டு நிற்குமா? நிற்காது. அதே கதைதான் இது.

இன்னொன்று. இஞ்சின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. பலத்தைப் போட்டு முறுக்கினால் அலுமினியத்தில் இருக்கும் புரி உரிந்து வந்துவிடும். ஒரு சின்ன வளையத்தோடு முடிய வேண்டிய வேலை, இஞ்சின் மூடியையே மாற்றுகிற வேலையாகிவிடும். அதுவும் நாமே கை வைத்துக் கெடுத்தோம் என்றால், உத்தரவாதம் இருந்தும் பிரயோசனமில்லாமல் போகலாம்.

அப்போ என்ன செய்வது? முதலில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கீழே சொட்டுகிற இடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒயில் மேலிருந்து கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் நனைந்திருக்கிற இடங்களில் ஆக மேலேயும் ஆக முன்னாலேயும் இருப்பது எது என்று தேட வேண்டும். சில நேரம் கசிவே இருக்காது. சேர்விஸ் செய்தபோது சிந்தின ஒயில் இடுக்கில் நின்று இரண்டு நாள் சொட்டும். சில நேரம் மேலே ஒயில் ஊற்றுகிற மூடியிலிருந்து வரும். சில நேரம் அடியில் பழைய ஒயிலை இறக்குகிற போல்டின் வொஷரிலிருந்து வரும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். இஞ்சின் நன்றாக ஆறின பிறகு, துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு அந்தப் பக்கம் முழுவதையும் துடைத்தேன். பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்து, காய விட்டேன். பேத்திக்குப் போடுகிற முகப் பவுடரை மூடியைச் சுற்றியும், அடிப் போல்டிலும், மேல் மூடியிலும் லேசாகத் தூவினேன். வண்டியை வெளியே, சமமான இடத்தில், நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஐந்து நிமிஷம் ஓட விட்டேன். வீட்டுக்குள் ஓட விடாதீர்கள், புகை ஆளைக் கொல்லும். சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோகவும் வேண்டாம்.

மூன்றாவது நிமிஷம், வட்ட மூடியின் கீழ் விளிம்பில் பவுடர் கறுத்தது. மற்ற இரண்டு இடமும் வெள்ளையாகவே இருந்தது. இஞ்சின் ஓடும்போது பம்பு ஒயிலைப் பில்டர் வழியாகத் தள்ளுகிறது. அதனால்தான் வண்டி சும்மா நிற்கும்போது பேசாமல் இருக்கும் கசிவு, ஓடும்போது தலை காட்டுகிறது.

அடுத்தது ஒயில் மட்டம். சமமான இடத்தில் வண்டியை நேராக நிறுத்தி, கொஞ்சம் ஓட விட்டு, நிறுத்தி, சில நிமிஷம் பொறுத்துப் பார்க்க வேண்டும். குச்சியாக இருந்தாலும் கண்ணாடியாக இருந்தாலும் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். குச்சியைத் திருகிப் பார்ப்பதா, திருகாமல் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும். கையேட்டைப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். சின்ன வண்டியில் மொத்தமே ஏறக்குறைய 1 லீட்டர் ஒயில்தான். அது குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். குறைகிறதே என்று மேல் கோட்டுக்கு மேலே ஊற்றி வைப்பதும் பிழை. கார் ஒயிலும் வேண்டாம். நம்ம வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கிளச்சும் அதே ஒயிலில்தான் ஊறுகிறது, ஒயில் மாறினால் கிளச் வழுக்கும்.

தாய்மாரே, இதை நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கசிகிற ஒயில் பின் டயரில் பட்டால், தொழிற்சாலைக்குக் கீழே இருக்கிற அந்த வளைவில் மழை நாளில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. டயரில் ஒயில் மினுக்கம் கண்டால், சவர்க்காரத் தண்ணியால் நன்றாகக் கழுவிக் காய்ந்த பிறகுதான் வண்டியை எடுக்க விட வேண்டும். பிரேக் கட்டையில் ஒயில் ஊறியிருந்தால் கழுவிச் சரிவராது, மாற்றத்தான் வேண்டும்.

இனி, சேர்விஸ் செய்த இடத்துக்குப் போன கதை. மகன் முதலில் தனியாகப் போனான். "புது வண்டி தம்பி, முதலில் கொஞ்சம் அப்படித்தான் கசியும், ஓட ஓடச் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவனும் தலையை ஆட்டிவிட்டு வந்தான். "ஏன்டா திரும்பக் கேட்கவில்லை?" என்றேன். "நாம தோட்டத்து ஆள், அவங்க படிச்சவங்க, என்னத்தைக் கேட்கிறது?" என்றான்.

எனக்கு அந்த ஒயில் கசிவை விட அந்தப் பேச்சுத்தான் வலித்தது.

தொழிற்சாலையில் ரோலரிலிருந்து ஒரு சொட்டு ஒயில் கொழுந்தில் விழுந்தால் டீ மேக்கர் சும்மா விடுவாரா? "புது மெஷின், அப்படித்தான்" என்று நான் சொன்னால் கேட்பாரா? நம்ம கையால் போகிற தேயிலைக்கு ஒரு நியாயம், நம்ம காசில் வாங்கின வண்டிக்கு ஒரு நியாயமா?

மூன்று நாள் காலையில் ஒயில் மட்டத்தைப் பார்த்துப் பேத்தியின் கொப்பியில் எழுதினோம். திகதி, ஓடின கிலோமீற்றர், மட்டம். மூன்று நாளில் மேல் கோட்டிலிருந்து பாதிக்கு இறங்கியிருந்தது. அந்தக் கொப்பி, சேர்விஸ் புத்தகம், பில் மூன்றையும் எடுத்துக்கொண்டு நானும் மகனும் போனோம். சத்தம் போடவில்லை. எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "இந்த விளிம்பில்தான் வருகிறது, மூன்று நாளில் இவ்வளவு குறைந்திருக்கிறது, எங்களுக்கு முன்னால் மூடியைத் திறந்து காட்டுங்கள்" என்றேன்.

கொப்பியைப் பார்த்ததும் பெரிய பாஸ் எழுந்து வந்தார். ஒயிலை இறக்கி மூடியைத் திறந்தார். ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் உட்காராமல் ஓரிடத்தில் நசுங்கி, நகம் பட்ட மாதிரி வெட்டுண்டு கிடந்தது. மகன் மேலும் இறுக்கியிருந்தால் வெட்டு பெரிதாகியிருக்கும். பாஸ் புது வளையத்தில் கொஞ்சம் புது ஒயிலைத் தடவினார், பள்ளத்தில் ஒழுங்காக உட்கார வைத்தார், மூன்று போல்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கம் பூசவில்லை. அது சரி. கம் துண்டு உள்ளே போனால் ஒயில் வழியை அடைத்துவிடும். காசும் எடுக்கவில்லை. அன்றைக்கு இருந்து வாசல் சீமெந்து சுத்தமாக இருக்கிறது.

அவர்கள் கேட்காமல் விட்டிருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். ஆனால் கையில் பில் இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது. பில்லையும் சேர்விஸ் புத்தகத்தையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வைக்கிற பெட்டியிலேயே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய ஒயிலைக் கானில் ஊற்றாதீர்கள். மேல் லயத்துக் கான் தண்ணி கீழ் லயத்துப் பீலிக்குத்தான் போகிறது. போத்தலில் அடைத்து, வாங்கிக்கொள்கிற கராஜில் கொடுத்துவிடுங்கள்.

தம்பிமாரே, வீட்டில் ஸ்பேனர் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன்னால் ஒரு துணி, கொஞ்சம் பவுடர், ஒரு கொப்பி. இந்த மூன்றையும் கையில் எடுங்கள். பிறகு நிமிர்ந்து நின்று கேளுங்கள்.