மன்றத்துப் பேச்சு நம் காதுக்கு வர வேண்டும்

(கிராஞ்சியில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கிராஞ்சிக்கும் வானொலிக்கும் பழைய உறவு உண்டு. பிபிசியின் தூரகிழக்கு அஞ்சல் ஒலிபரப்பு நிலையம் 1979 முதல் 2023 வரை இங்கேதான் இயங்கியது. ஆசியாவெங்கும் இங்கிருந்து ஒலி போனது. நான் கேட்பது அவ்வளவு தூரம் இல்லை. நம் நாடாளுமன்றத்தில் பேசுவது நம் வீட்டு அடுப்படிக்குத் தமிழில் வரட்டும் என்கிறேன்.

அரசியலமைப்பின் 53-வது பிரிவு என்ன சொல்கிறது? மலாய், ஆங்கிலம், மாண்டரின், தமிழ் நான்கிலும் மன்றத்தில் பேசலாம். பேச உரிமை இருக்கிறது. ஆனால் விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. 2021 ஜனவரி முதல் இணையத்தில் நேரலை வருகிறது, வரவேற்கிறோம். ஆனால் மன்றம் கூடுவது பகலில். அப்போது நம் அண்ணன் லாரி ஓட்டுகிறார், அக்கா துப்புரவு வேலையில் நிற்கிறார்.

கேட்காவிட்டால் என்ன நட்டம் என்பீர்கள். 2013 டிசம்பர் 8-ல் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தது. 2014 பிப்ரவரியில் அந்த வட்டாரத்தில் போலீசுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் தற்காலிகச் சட்டம் நிறைவேறியது. 2015 ஜனவரியில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்பது தீவு முழுவதற்கும். வார இறுதியில் இன்னும் கடுமை என்பது லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்குக்கும்.

நம் ஞாயிற்றுக்கிழமையைத் தொட்ட சட்டங்கள் இவை. அப்போது ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அக்கா, தேக்காவில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே பிடிப்பார்களாமே?" சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் பல வாரம் அங்கே போகவே இல்லை. தகவல் வராத இடத்தில் வதந்தி குடியேறும், தோழர்களே.

நியூசிலாந்து 1936-லேயே நாடாளுமன்றத்தை வானொலியில் ஒலிபரப்பியது. பிரிட்டன் 1978-ல் முறையாகத் தொடங்கியது. நம் மன்றம் கூடுவதோ பெரும்பாலும் மாதத்தில் சில நாட்கள்தான். அந்த நாட்களில் இரவு அரை மணி நேரம் தமிழ் வானொலியில் ஒதுக்கட்டும். என்ன மசோதா, யார் என்ன கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார், எந்தத் தேதியில் அமலுக்கு வரும் என்ற நான்கையும் எளிய தமிழில் சொல்லட்டும்.

அடுத்த மக்கள் சந்திப்புக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிரச்சினையோடு இதையும் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். மனு எழுத நான் உடன் இருக்கிறேன். நம்மைப் பற்றிப் பேசுவதை நாம் கேட்டாக வேண்டும்.