எள்ளலுக்கு ஒரு நிலைக்களன்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் இவ்வேளையில் அங்கதம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொருத்தமான தலைப்புத்தான். நம் கவியரங்குகளில் கைத்தட்டலை மிகுதியாகப் பெறுவது எள்ளல் கவிதையே என்பதை நாம் அனைவரும் அறிவோம். அண்மைக் காலமாக அக்கவிதைகளில் ஒரு போக்கு வலுத்து வருகிறது. ஆத்திகரும் நாத்திகரும், தேசியம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும், செங்கொடி பிடிப்போரும் ஆற்றைக் காக்கப் புறப்பட்டோரும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டு, ஒரே அளவாக நகையாடப்படுகிறார்கள். எதையேனும் மனமார நம்புகிறவன் எவனோ அவனே கோமாளி என்பது இக்கவிதைகளின் உட்பொருள். எல்லாரையும் சமமாக எள்ளுவதே நடுவுநிலைமை என்றும் இதற்கு நியாயம் கூறப்படுகிறது. அந்த நியாயம் நிற்குமா என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தொல்காப்பியரிடமிருந்து தொடங்குகிறேன். மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் அவர். அந்நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். எள்ளலுக்கு உரை கூறும் பேராசிரியர், தான் பிறரை எள்ளுவதையும், பிறர் தன்னை எள்ளும்போது தான் நகுவதையும் சேர்த்தே கொள்கிறார். இது ஆழ்ந்து நோக்கத்தக்கது. எள்ளலுக்கு இரு முனைகள் உண்டு. எள்ளுகிறவனும் அந்த நகையின் எல்லைக்குள் நிற்க வேண்டியவன். எல்லாரையும் சமமாக எள்ளுகிறேன் என்பவர் பெரும்பாலும் ஒருவரை மட்டும் விட்டுவிடுகிறார். அந்த ஒருவர் அவரே. நம்புகிறவர்கள் யாவரும் பேதையர் என்றால், எதையும் நம்பாத தாம் ஒருவரே அறிவுடையார் என்பது சொல்லாமல் பெறப்படும். சமம் என்ற சொல் அங்கேயே பழுதாகிவிடுகிறது.

தமிழின் மிகச் சிறந்த அங்கதப் பாடல் எது என்று கேட்டால் நான் புறநானூற்றின் 95ஆம் பாட்டைச் சுட்டுவேன். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், அவனது படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார். அங்கே ஆயுதங்கள் மாலை சூட்டி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். மேலோட்டமாகக் கேட்பவனுக்கு அது புகழ்ச்சி. உள்ளே நுழைந்தவனுக்கு அது இகழ்ச்சி. தொல்காப்பியர் செய்யுளியலில் சொல்லும் பழிகரப்பு அங்கதத்திற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஔவையார் இரு மன்னரையும் சமமாகவா எள்ளினார்? இரண்டு பேருமே சண்டைக்காரர்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டாரா? இல்லை. அவருக்கு ஒரு பக்கம் இருந்தது. போர் வேண்டா என்ற நோக்கம் இருந்தது. அந்த நிலத்தில் ஊன்றி நின்றதால்தான் அவர் சொல்லுக்குக் கூர்மை வாய்த்தது.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். எல்லாரையும் எள்ளும் அங்கதத்துக்குத் தமிழகம் நன்கறிந்த எடுத்துக்காட்டு, சோ அவர்களின் 'முகமது பின் துக்ளக்'. 1968இல் நாடகமாக மேடையேறி, 1971இல் திரைப்படமாகவும் வந்தது. பதினான்காம் நூற்றாண்டின் துக்ளக்கும் இபன் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்ததாக இருவர் நடிக்கிறார்கள். ஊர் நம்புகிறது. துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகவும் ஆகிவிடுகிறான். தன் பக்கம் தாவி வந்த உறுப்பினர்களையெல்லாம் துணைப் பிரதமர்களாக ஆக்குகிறான். கட்சித் தாவலை இவ்வளவு சுருக்கமாகத் தோலுரித்துக் காட்டிய காட்சி தமிழில் வேறு இல்லை எனலாம். அந்த இடத்தில் நான் இன்றும் சிரிப்பேன்.

அதே நாடகத்தில் மொழிச் சிக்கலுக்கும் துக்ளக் ஒரு தீர்வு காண்கிறான். இந்தியா, ஆங்கிலமா என்ற வழக்கைப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கித் தீர்த்துவைக்கிறான். அரங்கம் அதிரச் சிரித்தது. இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். நாடகம் வந்த ஆண்டு 1968. அதற்கு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் இந்தத் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 1964 ஜனவரியில் கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்தார். 1965 ஜனவரியில் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அவ்வாறே மாண்டனர். நம் கொங்கு மண்ணில் சத்தியமங்கலம் முத்து தீக்கிரையானார். பீளமேடு தண்டாயுதபாணி நஞ்சுண்டு இறந்தார். அவ்வாண்டுக் கிளர்ச்சியில் இறந்தோர் எழுபது பேர் அளவில் என்பது அரசு தரப்பின் கணக்கு.

மொழிப் பற்றை ஏணியாக்கிப் பதவிக்கு ஏறியோர் இருந்தார்கள். அவர்களை எள்ளியது தகும். பாரசீகம் என்ற அந்த ஒரு சொல் அவர்களை மட்டும் தொட்டு நிற்கவில்லை. இந்தியைத் திணித்தவன், அதை எதிர்த்தவன், எதிர்ப்பை விற்றவன், எதிர்த்து எரிந்தவன் ஆகிய நால்வரையும் அது ஒரே பந்தியில் அமர்த்தியது. மொழிக்காக ஒருவன் மனம் வருந்துவதே நகைப்புக்குரியது என்ற எண்ணத்தைச் சிரிப்போடு சேர்த்துப் பார்வையாளன் வீட்டுக்கு எடுத்துச் சென்றான். ஏறியவனுக்கு இதனால் இழப்பு ஒன்றும் இல்லை. அவன் அடுத்த மேடைக்குப் போய்விடுவான். நகையின் சுமை விழுந்தது எரிந்தவன்மீதுதான். இறந்தவன் எழுந்துவந்து விடை சொல்ல இயலாது. சமமான எள்ளல் சமமற்ற மனிதர்கள்மீது விழும்போது அதன் விளைவும் சமமற்றதாகவே இருக்கும் என்பது என் துணிபு.

சோ அவர்களைக் குறைத்துரைப்பது என் கருத்தன்று. 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது அவரது 'துக்ளக்' இதழ் கறுப்பு அட்டையோடு வெளிவந்தது. அச்சம் சூழ்ந்த நாளில் அது துணிவான செயல். அன்று அவர் எல்லாரையும் ஒருபோல எள்ளவில்லை. மக்களாட்சியை நம்பினார், அதை நெரித்த கை எதுவென்று அறிந்து அதற்கு எதிரே நின்றார். பாரசீக நகைச்சுவையைவிட அந்தக் கறுப்பு அட்டை வலிய அங்கதம் என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

இங்கே ஒரு தடை எழலாம். மெய்யான நம்பிக்கை என்றால் அதைத் தொடவே கூடாதா? நம்பிக்கை கொடுமை செய்ததில்லையா? செய்தது. தொலைவில் தேட வேண்டியதில்லை. அதே 1965 பிப்ரவரியில் நம் திருப்பூரில் காவல்துறை உதவி ஆய்வாளர்கள் இருவரைக் கூட்டம் எரித்துக் கொன்றது. தமிழின் பெயரால் எரிந்தவர்களை நினைக்கும் நாம், தமிழின் பெயரால் எரிக்கப்பட்டவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டவர்கள். ஆனால் இந்த உண்மை சமமான எள்ளலுக்குத் துணை போகவில்லை. தன்னை எரித்துக்கொண்டவனும் பிறனை எரித்த கூட்டமும் ஒன்றல்ல என்று பிரித்தறிய வேண்டுமானால், இரண்டையும் கூர்ந்து பார்க்கும் கண் வேண்டும். எல்லாம் வெறி, எல்லாரும் பைத்தியம் என்று சிரித்துக் கடப்பவனுக்கு அந்தக் கண் இல்லை. அவன் முன்னவனுக்கு மரியாதையும் செய்வதில்லை. பின்னவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுமில்லை. நம்பிக்கையைக் கண்டிக்க வேண்டிய இடத்தில்கூட அவன் நகை பயன்படுவதில்லை.

அப்படியானால் நம்பிக்கையை எள்ளும் முறைதான் யாது? புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நமக்கு வழிகாட்டும். கடவுளைச் சென்னைத் தெருவுக்கு இறக்கி, காப்பி குடிக்க வைத்து, கந்தசாமிப் பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகவும் ஆக்கிவிடுகிறார். கடவுளும் தப்பவில்லை, மனிதரும் தப்பவில்லை. இதுவும் எல்லாரையும் எள்ளுவதுதானே என்று தோன்றும். ஆனால் அக்கதையில் பிள்ளையின் சிறுமகள் வள்ளி வருகிறாள். கடவுளோடு ஓடி விளையாடுகிறாள். அவள் இருக்கும் இடத்தில் ஆசிரியரின் எள்ளல் தானே தணிந்துவிடுகிறது. எந்த இடத்தில் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று அறிந்திருந்ததால்தான் மற்ற இடங்களில் அவரால் அவ்வளவு கொடுமையாகச் சிரிக்க முடிந்தது. சித்தர்களும் இவ்வாறே. நட்ட கல்லையும் சாத்திரக் கூச்சலையும் சிவவாக்கியர் எள்ளி நகைத்தது உள்ளே உறையும் ஒன்றை அவர் உறுதியாக நம்பியதால். நம்பிக்கையை நம்பிக்கையே எள்ளும்போது அதற்கு நெருப்பின் தன்மை வந்துவிடுகிறது.

வீரபாண்டியில் கூடியிருக்கும் நமக்கு இது ஏட்டளவான வாதம் அன்று. நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை நஞ்சுத் தேக்கமாகி, கீழ்ப்பாசன நிலங்கள் பாழ்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். 1990களில் அந்த ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றப் படியேறினார்கள். அன்று தேநீர்க் கடைகளில் அவர்களுக்குக் கிடைத்தது கேலிதான். பட்டறைக்காரனும் திருடன், அதிகாரியும் திருடன், வழக்குப் போட்டவனும் ஏதோ எதிர்பார்த்துத்தான் போட்டிருப்பான் என்பது அந்தக் கேலியின் சாரம். அவர்கள் சளைக்கவில்லை. 2011 ஜனவரி இறுதியில், கழிவை முற்றாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாற வேண்டியதாயிற்று. அம்மூடலால் வேலையிழந்த தொழிலாளியின் துயரமும் மெய்யானது. வங்கிக் கடனோடு தவித்த சிறு பட்டறைக்காரரின் துயரமும் மெய்யானது. இங்கே எள்ளத்தக்கது எது? மழை எப்போது வரும், ஆற்றோடு கழிவையும் திறந்துவிடலாம் என்று காத்திருந்த தந்திரம். அதைக் காணாமலிருக்கக் கண்ணை மூடிக்கொண்ட அதிகாரம். இவற்றை விட்டுவிட்டு விவசாயியையும் சேர்த்து நகைத்த நகையால் ஆதாயம் பெற்றது யார் என்று எண்ணிப் பாருங்கள்.

கொடி என்பது வெறும் துணிதானே என்று சிரிப்பது எவருக்கும் எளிது. துணியையே தொழிலாகக் கொண்ட நம் ஊருக்கு அதன் விலை மீட்டர்க் கணக்கிலும் கிலோக் கணக்கிலும் தெரியும். ஆயினும் 1932 ஜனவரியில் குமரன் தன் மண்டை உடைந்தபோதும் கைவிடாத துணிக்கு எந்தக் கம்பெனியிலும் விலைச்சீட்டு எழுத முடியாது. இவ்விரண்டு துணிகளுக்கும் உள்ள வேற்றுமையை அறிந்தவனே கொடியை வியாபாரமாக்குகிறவனை உரியவாறு எள்ள முடியும். வேற்றுமை தெரியாதவனுக்கு எல்லாம் துணிதான்.

கவிஞர் பெருமக்களே, அங்கதம் எழுதாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இன்னும் கூர்மையாக எழுதுங்கள். எழுதுமுன் இரண்டு வினாக்களை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நகை யார்மீது விழுகிறது? நம்பிக்கையால் பிழைப்பவன்மீதா, நம்பிக்கைக்காக எதையேனும் இழந்தவன்மீதா? இது முதல் வினா. இதைச் சொல்லும் நான் எங்கே நிற்கிறேன், நான் காக்க விரும்புவது எது? இது இரண்டாம் வினா. இரண்டாவதற்கு விடையில்லாமல் எழுதிய கவிதைக்கும் கைத்தட்டல் கிடைக்கும். ஆனால் அந்தக் கைத்தட்டலை எழுப்புகிறவர்களுள் நாம் எள்ளியதாக எண்ணிய பெரியவரும் முன்வரிசையில் அமர்ந்து மகிழ்ந்து தட்டிக்கொண்டிருப்பார். எல்லாரும் ஒன்றே என்று கேட்பதில் அவருக்குத்தான் முதல் நிம்மதி.

நிறைவாக ஒன்று. ஒன்றரை ஷிப்டு முடித்த களைப்போடு, பஞ்சுத் தூசு படிந்த சட்டையோடு வந்து பத்தாண்டுகளாகக் கவிதை படித்துக்கொண்டிருக்கிறது இந்த வட்டம். கவிதையால் என்ன வருமானம் என்று கேட்டு உங்களையும் ஊர் நகைத்திருக்கும். அந்த நகைக்கு அஞ்சாமல் கூடினீர்கள் அல்லவா? அந்த நம்பிக்கையை உடையவர்கள் பிறருடைய நம்பிக்கையையும் எடை அறிந்து தொடுவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.